கால்நடை மருத்துவத்திலிருந்து நோய்ப்பரவியல் வரை: உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பாதை



பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்த பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால், எம்.பி.பி.எஸ். என்கிறார்கள். நீட் மதிப்பெண் போதவில்லையென்றால் கிடைத்த பி.எஸ்சி.யில் சேர்கிறார்கள். சிலர் அச்சகத்துக்கோ பட்டாசு ஆபீஸ் கணக்கு வேலைக்கோ போய்விடுகிறார்கள். நடுவே இருக்கும் ஒரு படிப்பை 'மாட்டு டாக்டர்தானே' என்று நாம் தள்ளிவிடுகிறோம். அதன் மேற்படிப்பான நோய்ப்பரவியலும் கால்நடைப் பொதுச் சுகாதாரமும் என்ன என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். நோய்ப்பரவியல் படித்தவர் ஊரையே பார்க்கிறார்: யாருக்கு வந்தது, எங்கே, எப்போது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை? 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் நிப்பா காய்ச்சல் வந்தது. 17 பேர் இறந்தனர். முதலில் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கிணற்றில் இருந்த வௌவால்களைப் பரிசோதித்தார்கள்; வைரஸ் இல்லை. அவை பூச்சி தின்னும் வௌவால்கள். பிறகு பழம் தின்னும் வௌவால்களைச் சோதித்தபோதுதான் வைரஸ் கிடைத்தது. எந்த வௌவாலைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் ஒரு பக்கம். நோய் பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியதை ஆள் ஆளாக விசாரித்துக் கண்டவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு வேலையும் இந்தப் படிப்பில் அடங்கும்.

நம் வீட்டுக்கு அருகிலேயே உதாரணம் உண்டு. குர்பானி ஆட்டின் கண், கால், உடல் நலம் பார்த்துத்தான் வாங்குகிறோம். அறுத்த பின் ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் நிறைந்த கட்டிகள் தென்பட்டால் பலர் அதை நாய்க்கு எறிந்துவிடுகிறார்கள். அது நாடாப்புழு இனம் ஒன்றின் கட்டியாக இருக்கலாம். தின்ற நாயின் குடலில் புழு வளர்ந்து, அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, மண்ணிலும் கீரையிலும் கலந்து மனிதர் வயிற்றுக்குள் போகும். பிறகு நம் ஈரலிலும் அதே கட்டி. அந்த உறுப்பை நாய் தோண்ட முடியாதபடி ஆழமாகப் புதைத்தாலே இந்தச் சங்கிலி அறுந்துவிடும். இறைச்சிப் பரிசோதனை, வெறிநாய்க்கடி, அடைப்பான், எலிக்காய்ச்சல் எல்லாம் கால்நடைப் பொதுச் சுகாதாரத்தின் பாடங்களே.

தொற்றுநோய் மட்டும்தான் நோய்ப்பரவியல் என்று நினைக்க வேண்டாம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிபட்டி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அவர்களில் முதல் தீயைக் கண்டு ஓடிவந்தவர்களும் பலர். இறந்தவர் யார், தப்பியவர் யார், எந்த நேரம், எந்த வேலை, எத்தனை பேர் ஓர் அறையில் என்று ஆண்டுக்கணக்கில் தொகுத்துப் பார்ப்பதும் இதே கல்விதான். இந்த வட்டாரத்துப் பிள்ளை ஒருவர் அதைச் செய்தால், தொழிலின் உள்விவரம் தெரிந்து செய்வார்.

இனி தகுதிகள். பி.வி.எஸ்சி. படிப்பு நாலரை ஆண்டு வகுப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு. பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்) வேண்டும். 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில இடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கொண்டே நிரப்புகிறது. 15 சதவீத அகில இந்திய இடங்களுக்குத்தான் நீட். நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலியிலும் தேனியிலும் கல்லூரிகள் உள்ளன. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதமும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. இவ்வளவு இருந்தும் விண்ணப்பமே போடாமல் விடுகிறோம்.

அதன்பின் இரண்டு ஆண்டு எம்.வி.எஸ்சி. சென்னை வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய கல்லூரியில், கால்நடைப் பொதுச் சுகாதாரமும் நோய்ப்பரவியலும் சேர்ந்த துறை இருக்கிறது. பி.வி.எஸ்சி.யின் மொத்த மதிப்பெண் இங்கே முக்கியம். ஆகவே முதல் ஆண்டிலிருந்தே கவனம் வேண்டும்.

கால்நடை மருத்துவம் படிக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. எம்.பி.எச். எனப்படும் பொதுச் சுகாதார முதுகலைக்குச் சில நிறுவனங்கள் மருத்துவர்களை மட்டும் எடுக்கின்றன. சில, வேறு பட்டதாரிகளையும் எடுக்கின்றன. விண்ணப்பிக்கும் ஆண்டின் விவரக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையமும் இத்துறையில் பெயர் பெற்றவை. வெளிநாடு என்றால் ஆங்கிலத் தேர்வு, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஏன் படிக்க விரும்புகிறோம் என்று சொந்தக் கையால் எழுதிய கட்டுரை ஆகியவை கேட்பார்கள். மூன்றாண்டு பட்டத்தை ஏற்காத பல்கலைக்கழகங்களும் உண்டு; பணம் கட்டுமுன் அதை எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் புள்ளியியல் வரும். கணக்குக்குப் பயந்து ஓடிய பிள்ளை இங்கே திணறும். பதினொன்றில் பிரிவு எடுக்கும்போதே உயிரியலோடு கணிதமும் சேர்ந்த பிரிவை எடுப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

பெண்பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது என்று சில அத்தாமார்கள் சொல்கிறார்கள். ஆய்வகம், புள்ளிவிவரம், வீடு வீடாக விசாரணை ஆகியவைதான் இதன் பெரும்பகுதி வேலை. வீட்டுப் பெண்களிடம் பேசி விவரம் வாங்க, பெண்ணை விடப் பொருத்தமானவர் யார்?

சாதிச் சான்றில் முஸ்லிம் பிரிவு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை ரிசல்ட் வரும் வரை தள்ளிப்போடாதீர்கள்; அந்த வாரம் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுவோர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மதிப்பெண் பட்டியலோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். பிள்ளையையும் கூடவே அழைத்து வாருங்கள்.