செதுக்க வேண்டியதும் விட வேண்டியதும்

ஐப்பசியில் இரண்டு மழை பெய்துவிட்டால் வடலூரில் புல் செதுக்கும் ஆட்களுக்கு ஓய்வே இருக்காது. நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பலர் இங்கே மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். செம்மண் நிலம், சுற்றுச்சுவர், ஒரு பலா, இரண்டு தென்னை, பின்கட்டில் கறிவேப்பிலை. மழை விட்டுப் பத்து நாளில் மரங்களுக்கு நடுவே பச்சை பரவிவிடும். அதைக் கண்டதும் வீட்டில் பதற்றம். மண்வெட்டி வரும், அல்லது உரக்கடையிலிருந்து களைக்கொல்லி வரும். இரண்டும் அலுத்துப் போனவர்கள் முற்றம் முழுக்க பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். அந்தப் பச்சையைப் பற்றி நாம் நம்புவதில் சில பாதி உண்மை, சில முழுத் தவறு.

நம்பிக்கை: களை மண்டினால் பாம்பு வரும்.

இந்தப் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. நல்லபாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் நம் பக்கத்தில் இருப்பவைதான். ஆனால் பாம்பு செடிக்காக வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும் வருகிறது, ஒளிய இடம் தேடி வருகிறது. வீடு கட்டி மிஞ்சிய செங்கல் அடுக்கு, மூலையில் கிடக்கும் தென்னை மட்டை, விறகுக் குவியல், கோழித் தீவனம் சிந்தும் கொட்டில், மூடி உடைந்த சாக்கடை எல்லாம் எலிக்கும் பாம்புக்கும் வசதியான இடங்கள். முற்றத்தை மொட்டையாகச் செதுக்கிவிட்டுச் செங்கல்லை அப்படியே விட்டு வைத்திருக்கும் வீடுகள் வடலூரில் எத்தனையோ!

முழங்கால் உயரத்துக்குப் புல் அடர்ந்தால் அதற்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதும் உண்மை. எனவே வாசல், கிணற்றடி, கழிப்பறைக்குப் போகும் வழி, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றில் தரையோடு வெட்டிவிடுங்கள். சுவரை ஒட்டியும் இரண்டு முழம் தெளிவாக இருக்கட்டும். களைக்கு விடும் இடம் வேலி ஓரமோ பின்பக்க மூலையோ போதும். இரவில் டார்ச் இல்லாமல் தோட்டத்தில் கால் வைக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் நுழைந்து தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும் பாம்பு. தோட்டத்தைச் செதுக்கி அதைத் தடுத்துவிட முடியாது; கட்டிலும் கொசுவலையும்தான் அதற்குக் காப்பு.

நம்பிக்கை: செடி அடர்ந்தால் கொசு பெருகும்.

கொசு பெருகுவது தண்ணீரில். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தேங்கிய மழைநீர் போதும். பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை இவற்றைக் கவிழ்த்துவிட்டால் அந்தத் தலைமுறை முடிந்தது. வளர்ந்த கொசு பகலில் நிழலான புதரில் ஒதுங்கும் என்பது மட்டும் சரி. அதனால்தான் சன்னலுக்கு அடியில் புதர் வேண்டாம் என்பது. சிரட்டையை விட்டுவிட்டுத் தும்பையைப் பிடுங்குவதில் பயனில்லை.

நம்பிக்கை: களை மண்ணின் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும்.

வயலில் இது உண்மை. நெல்லோ வேர்க்கடலையோ விதைத்த முதல் மாதத்தில் களை எடுக்காவிட்டால் விளைச்சல் அடிவாங்கும். எந்த விவசாயியும் இதை எனக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கத்தரி நாற்று நட்ட பாத்திக்கும், புதிதாக வைத்த மாங்கன்றைச் சுற்றியும் இதே கதைதான். ஆனால் இருபது வருடப் பலாவுக்குக் கீழே முளைத்த மூக்கிரட்டையால் பலாவுக்கு என்ன ஆகிவிடும்? அதன் வேர் எங்கே, இதன் வேர் எங்கே?

நம் செம்மண்ணின் குணத்தையும் நினைக்க வேண்டும். மூடாக்கு இல்லாமல் கிடந்தால் கார்த்திகை மழையின் துளி நேராக அடித்து மேல்மண் ஓடையாகக் கரைந்து போகும். வெயில் ஏறியதும் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். சிறு செடிகளின் வேர் மண்ணைப் பிடித்து வைக்கிறது, நீரை உள்ளே இறக்குகிறது. நிலக்கரி எடுக்க நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைக்கும் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறோம். நம் மனையில் விழும் மழையையாவது மண்ணுக்குள் விட வேண்டாமா? பேவர் பிளாக் பதித்த முற்றத்தில் பெய்த மழையில் பெரும்பகுதி தெருவுக்குத்தான் போகிறது.

சத்தை எடுக்காமல் சத்தைச் சேர்க்கும் களையும் உண்டு. கொழிஞ்சியும் கிலுகிலுப்பையும் அவரை இனம். இவற்றின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. கொழிஞ்சியை வெட்டி வயலில் மிதித்து உரமாக்கிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது.

நம்பிக்கை: நாற்றங்காலில் பூச்செடி வாங்கி வைத்தால் வண்ணத்துப்பூச்சி வரும், களை எதற்கு?

அடுக்கு ரோஜாவும் குரோட்டனும் புல்தரையும் கண்ணுக்கு அழகு. ஆனால் அடுக்கிதழ் பூக்கள் பலவற்றில் தேன் அரிது, இருந்தாலும் எட்டாது. அதைவிட முக்கியமானது, வண்ணத்துப்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது என்பது. அதன் புழு தின்ன இலை வேண்டும். எந்த இலையும் அல்ல, அந்த இனத்துக்கு உரிய இலை. கறிவேப்பிலையில் முட்டையிடும் கறிவேப்பிலை அழகியை எல்லோருக்கும் தெரியும். மற்றவற்றுக்கு உரிய இலைகளில் பாதி, நாம் செதுக்கி எறிபவை.

வெந்தய நிறத்தில் கறுப்பு ஓரம் வைத்த வெந்தய வரியன் எருக்கிலும் வேலிப்பருத்தியிலும் முட்டையிடும். எருக்கம்பாலில் உள்ள நஞ்சைப் புழு உடலில் சேர்த்துக்கொள்ளும். அது வண்ணத்துப்பூச்சியான பிறகும் போகாது. ஒருமுறை கொத்திய பறவை வாந்தியெடுத்து, அந்த நிறத்தையே பிறகு தொடாது. இப்போது முற்றத்துப் பருப்புக்கீரைக்கு வாருங்கள். அதில் முட்டையிடும் வேறொரு இனம் உண்டு. ஆண், கறுப்பில் நீல விளிம்பு கட்டிய பெரிய வெள்ளைப் பொட்டுகளோடு இருக்கும். பெண்ணோ வெந்தய வரியனை அச்சாக உரித்து வைத்தாற்போல் இருக்கும். தன்னிடம் நஞ்சு இல்லை என்றாலும் அந்த வேடமே பெண்ணைக் காப்பாற்றுகிறது. எருக்கை வெட்டிவிட்டால் வேடத்தை நம்ப வைக்கும் அசல் குறைந்துவிடும்; பருப்புக்கீரையைப் பிடுங்கிவிட்டால் வேடம் போடும் இனத்துக்கு இடமில்லை. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்ற வண்ணத்துப்பூச்சி இது. காட்டுக்குப் போகாமல் நம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்திலேயே அது பிள்ளை பெற்று வளர்க்க முடியும் என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

தேள்கொடுக்குச் செடி வாடிக் கிடந்தால் அதையும் உடனே குப்பைக்குத் தள்ளாதீர்கள். நீல வரியன் ஆண்கள் அந்த வாடிய தண்டில் மொய்த்துச் சாறு உறிஞ்சும். பெண்ணைக் கவரும் மணத்தைத் தயாரிக்க அதிலுள்ள வேதிப்பொருள் அவற்றுக்குத் தேவை. நெருஞ்சியிலும் குப்பைக்கீரையிலும் விரல்நக அளவுள்ள சின்ன நீலங்கள் வளர்கின்றன.

வெட்டுக்காயப்பூண்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனாலும் வேறு பூ இல்லாத காலத்திலும் அதன் சின்ன மஞ்சள் தலை திறந்திருப்பதால் பூச்சிகள் அதை விடுவதில்லை. தும்பைப்பூவுக்கு நீலப்பட்டைத் தேனீ வரும். அதே தேனீதான் கத்தரிப்பூவையும் தக்காளிப்பூவையும் பிடித்து உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கிறது. பண்ணுருட்டி முந்திரிக்கும் பூச்சியின் உதவி வேண்டும்; முந்திரி பூப்பது வருடத்தில் சில மாதம்தான், மற்ற மாதங்களில் அந்தப் பூச்சிகளின் சாப்பாடு வேலியோரத்தில் இருக்கிறது. சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் தானியம் ஊட்டுவதில்லை, புழு பூச்சியைத்தான் ஊட்டுகிறது. மாடியில் கம்பு தூவுகிறோம், தோட்டத்தில் புழுவை ஒழிக்கிறோம். குஞ்சுக்கு யார் கொடுப்பது?

நம்பிக்கை: களையில் பூச்சி சேர்ந்து காய்கறியைத் தின்றுவிடும்.

இதில் பாதி உண்மை உண்டு. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகும் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. அந்த ஈ சில களைகளிலும் தங்கும். எனவே வெண்டைப் பாத்தி சுத்தமாக இருக்கட்டும். துத்தியில் மாவுப்பூச்சி ஏறினால் அந்தக் கிளையை வெட்டிவிடுங்கள்.

மறுபாதியையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2008 இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளை அழவைத்தது. மருந்து அடித்து அடங்கவில்லை. 2010 இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. இத்தகைய குளவிகளுக்கு வளர்ந்த பிறகு தேன்தான் உணவு. அவற்றின் வாய்க்கு எட்டுவதும் களைகளின் பொடிப் பூக்கள்தான். களைக்கொல்லி அடித்த முற்றத்தில் தீமை செய்யும் பூச்சி வேறு வழியாக வந்துவிடும், அதைத் தின்னும் பூச்சி வராது. கிளைபோசேட்டை வீட்டுத் தோட்டத்தில் அடிப்பதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 இல் அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசும், பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலாளர் வழியாக அன்றி அதை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு வெளியிட்டது.

நம்பிக்கை: களையை விட்டு வைப்பது மேல்நாட்டு மோகம்.

வடலூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? 1867 இல் இங்கே தருமசாலையை நிறுவிய வள்ளலார், அன்றாட ஒழுக்கத்துக்கு எழுதிய விதிகளில் கரிசலாங்கண்ணித் தூளால் பல் துலக்கச் சொன்னார். அதன்பின் பொற்றலைக் கையாந்தகரையோடு முசுமுசுக்கையும் சீரகமும் சேர்த்துக் குடிக்கச் சொன்னார். கரிசலாங்கண்ணி வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைப்பது, முசுமுசுக்கை வேலியில் தானாக ஏறுவது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஊர்களில் சிறுபூளையை யாரும் விதைத்து வளர்ப்பதில்லை. பிள்ளையாருக்கு அருகம்புல்லும் அப்படித்தான்.

மேல்நாட்டைப் பார்த்து எடுத்துக்கொண்டால்தான் தவறு நேரும். பிரிட்டனில் பிளான்ட்லைஃப் என்ற அமைப்பு 2019 இல் மே மாதம் முழுக்கப் புல் வெட்டாதீர்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அங்கே மே வசந்தம். நமக்குக் கத்திரி வெயில், புல்லே இருக்காது. நம் காலம் புரட்டாசியிலிருந்து தை வரை. தையில் விதை உதிர்ந்த பிறகு பாதியை வெட்டுங்கள். மீதிப் பாதியைப் பங்குனி வரை விட்டால், காய்ந்த புல்லில் சில்லைகள் விதை பொறுக்கும். தண்டில் ஒட்டிய கூட்டுப்புழுக்களும் பிழைக்கும்.

நம்பிக்கை: எதையும் தொடாமல் விட்டுவிட்டால் அதுவே இயற்கை.

புதிதாக ஆர்வம் கொண்டவர்களிடம் இந்த எண்ணம் பரவுகிறது, இதுவும் தவறு. பார்த்தீனியத்துக்கு எந்தத் தோட்டத்திலும் இடம் இல்லை. 1950களில் புனேயில் கவனத்துக்கு வந்த அந்தச் செடி நாடு முழுக்கப் பரவி, தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தந்துகொண்டிருக்கிறது. 1984 இல் மெக்சிகோவிலிருந்து வண்டு கொண்டுவந்து விட்டும் முழுதாக அடங்கவில்லை. உண்ணிச்செடிப் பூவில் வண்ணத்துப்பூச்சி உட்காருகிறதே என்று அதை வளர்ப்பதும் வேண்டாம். அதன் விதையைக் குருவி தூக்கிப் போய்க் காட்டில் போடும். சீமைக்கருவேலங் கன்றைப் பார்த்த அன்றே வேரோடு எடுங்கள். அடையாளம் தெரியாத செடியை மூலிகை என்று நம்பிச் சமைக்காதீர்கள்.

பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் மூக்குக்குத் துணியும் கட்டிக்கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்த செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும் என்பதால் அதை உலுக்காமல் சாக்கில் கட்டிவிடுங்கள். நம் வீட்டில் மட்டும் எடுத்தால் பக்கத்துக் காலி மனையிலிருந்து திரும்ப வரும், ஆகவே தெருக்காரர்கள் சேர்ந்து முதல் மழை முடிந்ததும் மனைகளில் இறங்குவது நல்லது. பிடுங்கிய இடத்தில் தகரை விதையைத் தூவி வையுங்கள். அது அடர்ந்து வளர்ந்து பார்த்தீனியத்தை எழவிடாது, மஞ்சள் நிறச் சின்ன வண்ணத்துப்பூச்சிகளுக்கும் புழு வளர்க்க இலை கிடைக்கும்.