நல்லா நடக்கிறவங்களுக்குத்தான் நல்ல முழங்காலா?

போன செமஸ்டர், முதல் ப்ராஜெக்ட் ரிவ்யூ. எங்க டீமோட தலைப்பு: மைக்ரோகன்ட்ரோலர் வெச்ச ஒரு செயற்கை முழங்கால். சென்சார், வால்வு, கன்ட்ரோல் லூப்னு நான் மூச்சு விடாம பேசி முடிச்சேன். பேனல்ல இருந்த மேடம் சர்க்யூட் பத்தி ஒண்ணுமே கேட்கலை.

"இதுக்கு யார் காசு கொடுப்பாங்க?"

"இன்ஷூரன்ஸ் கொடுக்கும் மேடம்."

"கொடுக்குமா? படிச்சுட்டு வந்து சொல்லு."

படிச்சேன். இந்தக் கட்டுரை அந்த ஹோம்வொர்க்தான். இதுல அமெரிக்காதான் அதிகமா வரும். செயற்கைக் கால் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏத்துக்கணும்னு மாநிலம் மாநிலமா சட்டம் போட்டு, அந்தச் சட்டம் எங்க நிக்குது, எங்க ஓட்டை விழுதுன்னு 20 வருஷத்துக்கும் மேல அனுபவிச்ச இடம் அது. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அந்த ஓட்டைகள்தான் பாடம்.

முதல்ல பொருளைப் புரிஞ்சுக்கோங்க. செயற்கைக் கால் என்பது சைஸ் சொல்லி வாங்கி மாட்டிக்கிற சமாசாரம் இல்லை. மேல சாக்கெட் இருக்கும். மிச்சமிருக்கிற கால் அதுக்குள்ள போய் உட்காரும். ஒவ்வொருத்தருக்கும் தனியா அளவெடுத்துத்தான் செய்யணும். முழங்காலுக்கு மேல கால் போனவங்களுக்கு அதுக்குக் கீழ ஒரு முழங்கால் மூட்டு, அப்புறம் ஒரு குழாய், கடைசியா பாதம். ஆபரேஷன் முடிஞ்ச முதல் வருஷத்துல மிச்சக் கால் சுருங்கிட்டே வரும். சாக்கெட் லூசாகும். லூசான சாக்கெட்டோட நடந்தா தோல் உரசிப் புண்ணாகும். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அந்தப் புண் சும்மா ஆறாது, இன்னொரு ஆபரேஷன்ல கொண்டுபோய் விடலாம். அமெரிக்கால கால் இழக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் காரணம் விபத்து இல்லை, சர்க்கரையும் ரத்தக்குழாய் நோயும்தான் என்பதை இங்க சேர்த்து யோசிங்க. குழந்தைன்னா வளர வளர புதுசு வேணும். பெரியவங்களுக்கும் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியாகணும். சுருக்கமா சொன்னா, செருப்பு மாதிரி தேயும், ஆனா விலை பைக்ல ஆரம்பிச்சு கார் வரைக்கும் போகும். மைக்ரோபிராசசர் முழங்கால் வெச்சதுன்னா அங்க பல பத்தாயிரம் டாலர்.

இப்படிப்பட்ட பொருளுக்கு அங்க பல பாலிசிகள் என்ன எழுதி வெச்சிருந்துச்சு தெரியுமா? வருஷத்துக்கு இத்தனை டாலர்தான்னு ஒரு உச்சவரம்பு. அது சில சமயம் சாக்கெட் செலவுக்கே பத்தாது. இன்னும் சில பாலிசில "வாழ்நாளுக்கு ஒரு கால்". அஞ்சு வயசுக் குழந்தைக்கு வாழ்நாளுக்கு ஒரு கால்! இதை எழுதினவர் குழந்தை வளர்றதைப் பார்த்ததே இல்லையான்னு தோணுச்சு எனக்கு.

இதுல இன்னொரு விநோதம். மூட்டு தேய்ஞ்சவருக்கு உலோக மூட்டை உள்ள வெச்சுத் தைச்சா அது சிகிச்சை. அதுக்குக் கம்பெனி காசு கொடுக்கும். அதே மூட்டு தோலுக்கு வெளியே இருந்தா அது "உபகரணம்". உச்சவரம்பு வந்துடும். ரெண்டுமே ஒரே எடையைத்தான் தாங்குது.

2000-இல் கொலராடோ மாநிலம் முதல் முதலா ஒரு சட்டம் போட்டுச்சு. அதுல எனக்குப் பிடிச்சது அவங்க வேலையைச் சுருக்கின விதம். எந்தக் கால், எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை, எவ்வளவு பணம்னு புதுசா பட்டியல் போட்டு உட்காரலை. "மெடிகேர் இதுக்கு என்ன தருதோ, அதுக்குக் குறையாம நீயும் கொடு", அவ்வளவுதான். மெடிகேர்னா 65 வயசு தாண்டினவங்களுக்கும், வயசு குறைவா இருந்தாலும் ஊனத்தால வேலை செய்ய முடியாதவங்களுக்கும் மத்திய அரசு நடத்துற இன்ஷூரன்ஸ். கழிவுத்தொகை போக, செயற்கைக் கால் செலவுல 80 சதவீதத்தை அது கட்டும். நம்ம பாஷையில சொன்னா, கோட் புதுசா எழுதாம இருக்கிற லைப்ரரியை இம்போர்ட் பண்ணிட்டாங்க. அப்புறம் நிறைய மாநிலங்கள் இதே வழியில போச்சு.

இம்போர்ட் பண்ணினா அந்த லைப்ரரியோட பக் எல்லாம் கூடவே வரும்னு உங்களுக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். இந்தச் சட்டம் எல்லா பாலிசிக்கும் செல்லாது. அமெரிக்கால பெரிய கம்பெனிகள் பலவும் ஊழியர்களோட மருத்துவச் செலவைத் தாங்களே ஏத்துக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனி வெறும் கணக்குப்பிள்ளை. இந்த வகைத் திட்டங்களை 1974-இல் வந்த எரிசாங்கிற மத்தியச் சட்டம் கட்டுப்படுத்துது. அதனால மாநிலச் சட்டம் அங்க நுழைய முடியாது. வேலை வழியா இன்ஷூரன்ஸ் வாங்குறவங்கள்ல பாதிக்கும் மேல இந்த வகைதான். ஒரே தெருவுல ரெண்டு பேருக்குக் கால் போனா, ஒருத்தருக்குச் சட்டம் உண்டு, இன்னொருத்தருக்கு இல்லை. 2010-இல் வந்த ஒபாமா காலத்துச் சட்டம் அத்தியாவசியப் பலன்களுக்கு டாலர் உச்சவரம்பு வைக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. "மறுவாழ்வுக்கான சேவைகளும் சாதனங்களும்" அந்தப் பட்டியல்ல இருக்கு. ஆனா செயற்கைக் கால்ங்கிற வார்த்தை அதுல தனியா இல்லை. வார்த்தை இல்லாத இடத்துல வக்கீல் வந்துடுவார்.

சரி, அந்த பக்குக்கு வருவோம். கட்டுரையே இதுக்குத்தான்.

மெடிகேர் 1990-கள்ல ஒரு அளவுகோல் கொண்டு வந்துச்சு. கே0-வில இருந்து கே4 வரைக்கும். கே0: செயற்கைக் கால் வெச்சாலும் நடக்க வாய்ப்பில்லை. கே1: வீட்டுக்குள்ள சமதளத்துல நடப்பார். கே2: வெளிய போவார், நடைபாதை ஓரம், படிக்கட்டு, மேடு பள்ளம் மாதிரி சின்னத் தடைகளைத் தாண்டுவார். கே3: வேகத்தைக் கூட்டிக் குறைச்சு நடப்பார். கே4: குழந்தைகள், துடிப்பான பெரியவங்க, விளையாட்டு வீரர்கள். இந்த லெவலை வெச்சுத்தான் உங்களுக்கு எந்த மூட்டு, எந்தப் பாதம்னு முடிவாகும்.

இப்போ அந்த மூட்டு. ஜெர்மனியோட ஆட்டோபாக் கம்பெனி 1997-இல் சி-லெக்னு ஒண்ணை அறிமுகப்படுத்துச்சு. மைக்ரோபிராசசர் முழங்கால்னா பலருக்கும் ஞாபகம் வர்றது அதுதான். உள்ள மோட்டார் எதுவும் காலைத் தூக்கி வைக்காது, இதைப் பலர் தப்பா நினைக்கிறாங்க. முழங்கால் எந்தக் கோணத்துல இருக்கு, குழாய் மேல எவ்வளவு பளு விழுதுன்னு சென்சார் வினாடிக்கு 50 தடவை பார்க்கும். அதுக்கேத்த மாதிரி ஹைட்ராலிக் வால்வை இறுக்கும், தளர்த்தும். அவ்வளவுதான் வேலை. ராத்திரி போன் மாதிரி சார்ஜ் போடணும்.

இதோட உண்மையான பலன் என்ன? வேகம் இல்லை. சாதா முழங்கால்ல நீங்க நடக்கிறப்போ காலை முன்னால வீசுறீங்க, முழங்கால் மடங்கியிருக்கு, அந்த நொடில கல் தடுக்குதுன்னு வைங்க. மடங்கின கால் மேல உடம்பு எடை விழும். மூட்டு அப்படியே மடிஞ்சுடும், நீங்க கீழ. மைக்ரோபிராசசர் முழங்கால் எடை விழற அந்த நேரத்துக்குள்ள வால்வை இறுக்கிப் பிடிச்சுக்கும். நீங்க சுதாரிச்சுக்கலாம்.

யார் அதிகமா விழுவாங்க? வேகமா நடக்கிற இளவட்டமா, தடுமாறித் தடுமாறி நடக்கிற பெரியவரா? பெரியவர்தான். மெடிகேர் விதி என்ன சொல்லிச்சு? மைக்ரோபிராசசர் முழங்கால் கே3-க்கும் அதுக்கு மேலயும்தான். கே2-ல இருக்கிறவருக்குக் கிடையாது. அதாவது, விழாம நடக்கத் தெரிஞ்சவருக்குத்தான் விழாம காப்பாத்துற முழங்கால். நீச்சல் தெரிஞ்சவனுக்கு மட்டும் லைஃப் ஜாக்கெட் கொடுக்கிற மாதிரி. நல்ல மூட்டு கிடைச்சா அவர் கே3 மாதிரி நடக்கலாம். ஆனா மூட்டு வேணும்னா முதல்ல கே3-ன்னு நிரூபிக்கணும். விதியில "திறன் அல்லது வாய்ப்பு"ன்னு இருக்கு, உண்மைதான். ஆனா வாய்ப்பைக் காகிதத்துல நிரூபிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு பிளேஸ்மென்ட்டுக்கு உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும்.

இந்த விதி 2024 செப்டம்பர் 1 அன்னைக்குத்தான் மாறுச்சு. அன்னையில இருந்து கே2-காரர்களுக்கும், நிபந்தனைகளோட, இந்த முழங்காலுக்கு மெடிகேர் காசு கொடுக்குது. 1997-க்கும் 2024-க்கும் நடுவுல 27 வருஷம். என் வயசை விட அதிகம். மூட்டு ரெடியா இருந்துச்சு. ரெடியாகாம இருந்தது ஒரு பட்டியல்ல ஒரு எண்.

அடுத்த பக், "மருத்துவ ரீதியா அவசியம்"ங்கிற வார்த்தை. நடக்கிறது அவசியம், சரி. ஓடுறது? வேன் பிலிப்ஸ்னு ஒரு அமெரிக்கர். 1976-இல், 21 வயசுல, வாட்டர் ஸ்கீயிங் விபத்துல முழங்காலுக்குக் கீழ காலை இழந்தார். (21. நான் இதை ரெண்டு தடவை படிச்சேன்.) அப்போ கிடைச்ச கால்ல நடக்கலாம், ஓட முடியாது. அவரே செயற்கை உறுப்புத் துறையைப் படிச்சு, கார்பன் ஃபைபர்ல வளைஞ்ச பாதம் செஞ்சார். காலை ஊன்றும்போது வளைஞ்சு ஆற்றலைச் சேமிக்கும், எடுக்கும்போது திருப்பிக் கொடுக்கும். பாராலிம்பிக்ல பார்க்கிற அந்தப் பிளேடு இந்த வழியில வந்ததுதான். ஓடுற பிளேடுக்குக் குதிகாலே கிடையாது, அதைப் போட்டுக்கிட்டு கிளாஸ்ல நிக்கிறது கஷ்டம். அதனால ஓட ஒரு கால், நடக்க ஒரு கால்னு ரெண்டு வேணும். ரெண்டாவதுக்கு "அவசியமில்லை"ன்னு பதில் வரும். ஸ்கூல்ல பி.டி. பீரியட்ல ஓரமா உட்கார்ந்திருக்கிற குழந்தைகிட்ட இதை யார் போய்ச் சொல்றது?

2022-இல் மெய்ன் மாநிலம் 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு விளையாட்டுக்கான காலையும் பாலிசி ஏத்துக்கணும்னு சட்டம் போட்டுச்சு. அடுத்த வருஷம் நியூ மெக்சிகோ, கொலராடோ மாதிரி மாநிலங்களும் சேர்ந்துச்சு. யார் யாருக்கு, எந்த வயசு வரைக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லுது? "ஒவ்வொண்ணா கட்டாயமாக்கினா எல்லாரோட பிரீமியமும் ஏறும்." இதைச் சும்மா தள்ளிவிட முடியாது, அதனால ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். எண்கள் என்னோட ஊகம், கணக்குக்காக மட்டும். 1,00,000 பேர் இருக்கிற ஒரு பாலிசி. வருஷத்துக்கு 40 பேருக்குக் கால் வேணும், சராசரி 15,000 டாலர். மொத்தம் 6,00,000. ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 6 டாலர், மாசத்துக்கு 50 சென்ட். என் ஊகம் பாதிதான் சரின்னு வெச்சு ரெட்டிப்பாக்கினாலும் மாசம் ஒரு டாலர். இதே மாதிரி இன்னும் முப்பது கட்டாயம் வந்தா தொகை ஏறத்தான் செய்யும், ஒத்துக்கிறேன். ஆனா இன்ஷூரன்ஸ்ங்கிற யோசனையே இந்த மாதிரி கணக்குக்குத்தானே பிறந்துச்சு? வர்றது ரொம்பச் சிலருக்கு, வந்தா ஆளைச் சாய்ச்சுடும். இதைப் பகிர்ந்துக்காம வேற எதைப் பகிர்ந்துக்கிறது?

கடைசியா எங்க வீட்டு பாலிசியை அலமாரியில இருந்து எடுத்துப் பார்த்தேன். 30 பக்கத்துக்கு மேல, பொடி எழுத்து. ஆபரேஷன் நேரத்துல உடம்புக்குள்ள பொருத்துற செயற்கை உறுப்புக்குத்தான் காசு, வெளிய மாட்டுறதுக்குக் கிடையாதுன்னு ஒரு வரி. அப்பாகிட்ட காட்டினேன். இத்தனை வருஷமா பிரீமியம் கட்டுறவர், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சுட்டு பேசாம கொடுத்துட்டார். நம்ம ஊர்ல கால் கிடைக்கிற வழி வேற: மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, கான்பூர்ல இருக்கிற மத்திய அரசு நிறுவனம் அலிம்கோ, தொண்டு நிறுவன முகாம்கள். இலவசமாவே கிடைக்குது, நிறைய பேர் அதுலதான் நடக்கிறாங்க. ஆனா பாலிசி கட்டுறவர் தன் பாலிசில கேட்டு வாங்குறது அது இல்லை. உங்க வீட்டு பாலிசிலயும் அந்த வரி இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.

ரெண்டாவது ரிவ்யூ அடுத்த வாரம். எங்க ரிக்வயர்மென்ட் ஷீட்ல முதல் வரியா "அதிகபட்ச நடை வேகம்"னு இருந்துச்சு. அதை அடிச்சுட்டு இப்படி எழுதியிருக்கோம்: "பயனர்: கே2. கால் தடுக்கினா எத்தனை மில்லிசெகண்டுல வால்வு இறுகுது?" நேத்து வரைக்கும் டெஸ்ட் ரிக்ல பத்துக்கு மூணு தடவை மூட்டு மடிஞ்சு விழுது. கன்ட்ரோல் நல்லா தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சாயங்காலம் லேபுக்கு வாங்க, டீ நான் வாங்கித் தர்றேன்.