மாத்தளையில் ஒரு பழைய ஜாகுவாரை வாங்கி, வைத்து, ஓட்டுவது எப்படி

பழைய ஜாகுவார் வாங்கப் புறப்படுகிறவர் பொனெட்டைத் திறக்கும் முன் பதிவுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். நம் நாட்டில் பழைய கார்களில் பாதிச் சிக்கல் ‘ஓப்பன் பேப்பரில்’ இருக்கிறது. கடைசியாகப் பதிவான சொந்தக்காரர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் பத்திரம் நாலைந்து கை மாறி வந்திருக்கும். அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா, வெளிநாடு போய்விட்டாரா என்பது விற்பவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட காருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கத்தை எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் இலக்கம் ஒயில் ஃபில்டருக்கு மேலே புளொக்கில் வெட்டப்பட்டிருக்கும். அதே இலக்கம் சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் இருக்கும். இரண்டும் வேறாக இருந்தால் ஹெட் மாற்றப்பட்டிருக்கிறது. அது குற்றமில்லை, ஆனால் விலை பேசும்போது சொல்ல வேண்டிய விஷயம். அடுத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த வாகனத்தின் பதிவு விபரத்தை எடுத்து, கடன் அடைமானம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் சரியென்றால் ஒரு கடிதமும் எழுதலாம். இங்கிலாந்தில் உள்ள ஜாகுவார் மரபு அறக்கட்டளை, சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு சான்றிதழ் தரும். கார் எந்தத் தேதியில் தொழிற்சாலையை விட்டது, முதல் நிறம் என்ன, எந்த நாட்டு முகவருக்கு அனுப்பப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளில் கொழும்பு என்று இருந்தால், அந்தக் கார் புதிதாகவே இந்தத் தீவில் இறங்கியது என்று உறுதியாகிறது.

இந்தக் கார்கள் இங்கே தங்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தோட்டத் துரைமார் காலத்தில் பிரிட்டிஷ் கார்கள் மலைநாட்டில் சாதாரணம். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை கார் மலையேற்றப் போட்டி 1934இலேயே தொடங்கிவிட்டது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து இறக்குமதி இறுக்கப்பட்டது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாகி, துரைமார் புறப்பட்டார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கும் வரை, கையில் இருந்த காரைப் பழுது பார்த்து ஓட்டுவதைத் தவிர இங்கே யாருக்கும் வழி இருக்கவில்லை. அந்தக் காலத்துக் கார்களில் பல ‘ஸ்ரீ’ எழுத்து இலக்கத் தகட்டோடு இன்றும் இருக்கின்றன. 1958இல் சிங்கள எழுத்துக்கு எதிரான போராட்டத்தில் தமிழர் தார் பூசி அழித்த எழுத்து அது. காரின் வயதைச் சொல்லும் தடயமும் அதுவே என்பதால் தகட்டை மாற்றாமல் வைத்திருங்கள்.

எந்த மொடல் என்று கேட்டால், என் பதில் மார்க் 2. நான் வைத்திருப்பது 1962ஆம் ஆண்டு 3.4 லீற்றர் கார். 1959 முதல் 1967 வரை 80,000க்கு மேல் செய்தார்கள் என்பதால் உதிரிப்பாகம் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. நாலு கதவு, ஐந்து பேர் இருக்கலாம், குடும்பத்தோடு முத்துமாரியம்மன் கோயில் தேருக்குப் போகலாம். உள்ளே இருக்கும் எஞ்சினோ பந்தயக் காரின் எஞ்சின். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் காட்டிய ஈ-டைப்பை உலகமே அழகு என்கிறது, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நம் பாதைகளின் குழிக்கும் வேகத் தடைக்கும் அதன் நீண்ட தாழ்ந்த மூக்கு பொருந்தாது. 1968இல் வந்த எக்ஸ்ஜே6 ஓட்ட மெத்தென்று இருக்கும். ஆனால் அதன் பின் பிரேக் டிஸ்குகள் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் உள்ளே இருக்கின்றன. டிஃபரன்ஷியல் ஒயில் கசிந்தால் நேரே பிரேக்கில் விழும். மலையில் அது ஆபத்து.

அந்தப் பந்தய எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜாகுவாரை நிறுவிய வில்லியம் லயன்ஸ் 1922இல் பிளாக்பூலில் வில்லியம் வாம்ஸ்லியோடு சேர்ந்து மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப்பெட்டி செய்யத் தொடங்கியவர். 1928இல் கொவென்றிக்கு மாறி, 1935இல் ஜாகுவார் என்ற பெயரைத் தம் காருக்கு வைத்தார். போர்க்காலத்தில் தொழிற்சாலைக் கூரையில் குண்டுத் தீக்குக் காவல் இருந்த இரவுகளில், ஹெய்ன்ஸ், ஹாசன், பெய்லி ஆகிய மூன்று பொறியியலாளரோடு பேசிப் பேசி அவர் உருவாக்கியதுதான் ஆறு சிலிண்டர் எக்ஸ்கே எஞ்சின். 1948இல் எக்ஸ்கே120 காரில் வந்தது. 1992 வரை உற்பத்தியில் இருந்தது. லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை 1951 முதல் 1957 வரை ஐந்து தடவை வென்றது இந்த எஞ்சினே. அதை வீட்டுக் காரிலும் போட்டு, போட்டியாளரை விடக் குறைந்த விலைக்கு விற்றார் லயன்ஸ்.

இனிப் பரிசோதனைக்குப் போகும் நாள். மழை பெய்து ஓய்ந்த காலையைத் தேர்ந்தெடுங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு காந்தத் துண்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவுக்குக் கீழ் ஓடும் சில், ஜாக் வைக்கும் இடம், கதவின் அடிவிளிம்பு, ஸ்பெயார் சக்கரக் குழி, பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடம், இவ்வளவிலும் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பூச்சுப் பசைதான் இருக்கிறது. சில் உக்கியிருந்தால் விலையில் பாதியை டிங்கரிங் வேலை தின்றுவிடும். பளபளப்பான பெயின்ற்றைப் பார்த்து யாரும் மயங்கக்கூடாது. என் அனுபவத்தில் மங்கிய பழைய பெயின்ற்றோடு நிற்கும் கார்தான் நேர்மையானது.

எஞ்சினைச் சூடாக்கி 3,000 சுற்றில் பிடித்தால் ஒயில் அழுத்தம் 40 பி.எஸ்.ஐக்கு அருகில் நிற்க வேண்டும். முன்பக்கத்தில் அடியிலிருந்து சங்கிலிக் கடகடப்பு கேட்டால் கீழ்ச் சங்கிலியின் டென்ஷனர் தேய்ந்திருக்கிறது. கிராங்கின் பின்பக்க சீல் இவற்றில் கயிறு. ஓரிரு சொட்டு ஒயில் விழும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஓடை போல ஒழுகினால் எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும். எஞ்சின் இலக்கத்தின் கடைசியில் /7, /8, /9 என்று இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது அமுக்க விகிதம். 9 என்றால் 95 ஒக்டேன் பெற்றோல் அடிக்க வேண்டும், 7க்கும் 8க்கும் 92 போதும்.

காரை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் ஒரு அங்குலச் சாவிப் பெட்டி வாங்குங்கள். ஜாகுவார் போல்ட் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். நம் கராஜ் பாஸ்மார் கையில் இருக்கும் 13 சாவி அதில் சற்றுத் தளர்ந்து பிடிக்கும், இரண்டு தரம் திருப்பினால் போல்ட் தலை உருண்டுவிடும். உங்கள் சாவிப் பெட்டியைக் காரோடு கராஜுக்குக் கொடுத்துவிடுங்கள். பற்றரியைப் பற்றியும் சொல்லி வையுங்கள். மார்க் 2 போன்ற அக்காலக் கார்களில் எர்த் ஆகச் செல்வது பற்றரியின் பொசிற்றிவ் முனை. ஒரு கராஜில் நான் தேநீர் குடிக்கப் போன பத்து நிமிடத்தில், வழக்கம் போல நெகற்றிவை பொடியோடு இணைத்துவிட்டார்கள். கட்-அவுட் முனைகள் ஒட்டிக் கருகி, டைனமோவைக் கழற்ற வேண்டி வந்தது. அன்று முதல் பற்றரிப் பெட்டி மேல் சிவப்பு மையால் ‘பொசிற்றிவ் எர்த்’ என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது முக்கியமான வேலை: குளிர்விப்பு. பெயின்ற்றுக்கும் தோல் இருக்கைக்கும் வைத்திருக்கும் பணத்தை முதலில் ரேடியேற்றருக்குச் செலவழியுங்கள். இங்கிலாந்துக் குளிருக்குச் செய்த கார் இது. நம் மாவட்டத்தில் ஏ9 பாதையில் நாவுலையைத் தாண்டித் தம்புள்ளைக்குள் இறங்கும்போது மதிய வெயில் தாரை இளக்கும். எக்ஸ்கே எஞ்சினின் ஹெட் அலுமினியம், புளொக் வார்ப்பு இரும்பு. ஒரு தரம் நன்றாகக் கொதித்தால் ஹெட் வளைந்துவிடும். ஆறு சிலிண்டருக்கும் நீளமாகத் தண்ணீர் ஓட வேண்டியிருப்பதால், பல ஆண்டுச் சேறு புளொக்கின் பின்பகுதியில் படியும். அதனால் ரேடியேற்றரை மட்டும் கழுவிப் பயனில்லை. புளொக்கின் வடிகால் அடைப்பையும் கழற்றி, கம்பியால் கிளறி, தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவ வேண்டும். தம்புள்ளை, கலேவெலப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தன்மை கூடியது. கேத்தலில் படியும் வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் படியும். வடித்த நீரும் கூலண்டும் கலந்தே ஊற்றுங்கள். அலுமினியத்தை அரிப்பிலிருந்து காப்பது அந்தக் கூலண்டுதான். ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு மின்விசிறி பூட்டி, அதற்குத் தனி சுவிட்ச் வையுங்கள். அசலைக் கெடுக்கிறது என்று சிலர் குறை சொல்வார்கள். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு முன்னால் மரக்கறி லொறிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நின்றவர் அப்படிச் சொல்லமாட்டார். மீற்றர் 90 பாகையைத் தாண்டினால் ஓரமாக நிறுத்துங்கள், ரேடியேற்றர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அடுத்தது பிரேக். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டனுக்குச் சுமார் 30 கிலோமீற்றர். ஏறுவது எஞ்சினுக்குச் சோதனை, இறங்குவது பிரேக்குக்குச் சோதனை. எக்ஸ்கே120இல் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிக்காமல் போகும். இந்தக் குறையை ஜாகுவார் பந்தயத்தில்தான் தீர்த்தது. டன்லொப் கம்பனியோடு சேர்ந்து டிஸ்க் பிரேக் செய்து, 1953இல் லெ மான்ஸில் சி-டைப் காரில் பூட்டியது. அதை ஓட்டி ரோல்ட்டும் ஹமில்ரனும் வென்றார்கள். ஆறே ஆண்டில் மார்க் 2 நாலு சக்கரத்திலும் டிஸ்க்கோடு வந்தது. அந்தப் பயன் உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் பிரேக் ஒயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு தரம் முழுவதும் மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஒயில் இறக்கத்தில் கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பெடலில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். இந்தக் கார்களின் பழைய மொஸ் கியர்பொக்ஸில் முதல் கியருக்கு சின்குரோமெஷ் இல்லை. ஓடும்போது முதலுக்குத் தள்ள முடியாது என்பதால், கொண்டை வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். காலை ஆறு மணிக்கு முன் புறப்பட்டால் வெயிலுக்கும் வான்களுக்கும் முன்னே மேலே போய்விடலாம். பிட்டவல பத்தனை வரை போய்த் திரும்பும்போது நக்கிள்ஸ் மலையில் எக்ஸ்கே எஞ்சினின் ஒலி எதிரொலிப்பதைக் கேட்டால், இத்தனை வேலையும் எதற்கென்று புரியும்.

ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மழை. காரை பிளாஸ்ரிக் உறையால் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணி உறையும் காற்றோட்டமான கொட்டகையும் போதும். இருக்கைத் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் பூஞ்சணம் பிடிக்கும், தோலுக்கான களிம்பே பூச வேண்டும். எலி வயரைக் கடிக்கும், நெல்லும் மிளகும் வைக்கும் கொட்டகையில் காரை நிறுத்த வேண்டாம். பத்து நாளுக்கு ஒரு தரம் குறைந்தது 20 கிலோமீற்றர் ஓட்டுங்கள். ஓடாமல் நிற்கும் ஜாகுவார்தான் அதிகம் பழுதாகிறது.

புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் மற்றக் காருக்குப் போலத்தான். காப்புறுதியில் மட்டும் மதிப்பீட்டாளரின் அறிக்கையும் படங்களும் கொடுத்து, ஒப்புக்கொண்ட பெறுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

கம்பனி இன்று பழைய கைகளில் இல்லை. 1989இல் ஃபோர்ட் வாங்கியது, 2008இல் லாண்ட் ரோவரோடு சேர்த்து 230 கோடி டொலருக்கு டாட்டா வாங்கியது. 2024 செப்டம்பரில் தமிழ்நாட்டில், இராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில், ஜாகுவார் லாண்ட் ரோவர் கார்களுக்கும் சேர்த்து டாட்டா ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் இனி மின்சாரக் கார்தான் என்று முடிவும் செய்துவிட்டது. எக்ஸ்கே எஞ்சினோடு புது வீட்டுக் கார் இனி வரப்போவதில்லை.

ஆகவே உக்குவளையிலோ இரத்தோட்டையிலோ ஒரு பழைய பங்களாக் கொட்டகையில் தார்ப்பாய் மூடிய ஜாகுவார் ஒன்று உங்கள் குடும்பத்துக்கு இருந்தால், பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை விலக்கி, சேசிஸ் இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, பதிவுப் புத்தகத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.