முற்றின சேவலுக்கு ஏற்ற ஒயின் குழம்பு

கேள்வி: என் மகள் புதுச்சேரியில் வேலை பார்க்கிறாள். அங்கே சாப்பிட்ட 'கோக் ஓ வான்' என்ற பிரெஞ்சு ஒயின் கோழியை வீட்டில் செய்து தரச் சொல்கிறாள். எங்களிடம் இருப்பது முற்றின நாட்டுச் சேவல். குழம்பு வைத்தால் கறி ரப்பர் போல இழுக்கிறது. பிராய்லர் வாங்கட்டுமா? ஒயினுக்குப் பதில் திராட்சைச் சாறு ஊற்றலாமா? மீன் சட்டியில் செய்யலாமா?
– ஒரு வாசகி, சுண்ணாம்புக்குளம்

பதில்: பிராய்லர் வேண்டாம், சகோதரி. பிரெஞ்சு கிராமத்து வீடுகளில் வயதான சேவலை மெத்தென்று ஆக்கிச் சாப்பிடுவதற்கென்றே வந்த சமையல் இது. ஓடித் திரிந்த சேவலின் காலிலும் தொடையிலும் கொலாஜன் என்ற சவ்வுப்பொருள் மிகுதி. பெருந்தீயில் சீக்கிரம் இறக்கினால் அது விறைத்தபடியே நிற்கும். சிறுதீயில் இரண்டு, இரண்டரை மணி நேரம் இருந்தால் ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்குக் கொழகொழப்பைத் தரும். பிராய்லர் முக்கால் மணியில் வெந்துவிடும். ஒயின் சாறு அதில் ஊறாது.

ஒன்றரைக் கிலோ சேவலை எட்டுப் பத்துத் துண்டுகளாக்கி, ஒரு பாட்டில் (750 மில்லி) சிவப்பு ஒயினில் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவையுங்கள். இனிப்பில்லாத 'டிரை' வகையே வேண்டும். இனிப்பு ஒயின் சுண்டச் சுண்டத் தித்திக்கும். திராட்சைச் சாறும் அப்படித்தான்.

காலையில் கறியை வடித்து, ஈரம் போகத் துடைத்து, உப்பு, மிளகு தூவி, இரும்புச் சட்டியில் வெண்ணெயும் கோழிக் கொழுப்பும் விட்டு நன்றாகச் சிவக்க வறுத்தெடுங்கள். ஈரக் கறி சிவக்காது, அவியும். பிரெஞ்சுக்காரர்கள் பன்றிக் கொழுப்பில் வறுப்பார்கள்; அது கட்டாயமில்லை. அதே கொழுப்பில் இரண்டு கேரட், நான்கு பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி மைதா சேர்த்து வதக்கி, ஊறிய ஒயினை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். கறியும், ஒரு டம்ளர் கோழி எலும்புச் சாறும், கிடைத்தால் தைம் இலையும் சேர்த்து மண்சட்டிக்கு மாற்றி, மூடி, மெல்லக் குமிழியிடும் அளவுக்குத் தீயை வையுங்கள். மஞ்சள், மிளகாய், மசாலா எதுவும் வேண்டாம்.

மண்சட்டி நல்லதுதான். ஆனால் மீன் சட்டி கவிச்சி வாடையைக் குடித்திருக்கும்; வேறு சட்டி எடுங்கள். அலுமினியம் கூடாது, ஒயினின் புளிப்பு அதை அரிக்கும். எரிவாயு மிச்சமாக வேண்டுமென்றால் எவர்சில்வர் குக்கரில் ஒரு விசிலுக்குப் பின் சிறுதீயில் 25 நிமிடம் வைத்துவிட்டு, திறந்து சுண்டவையுங்கள்.

சின்ன வெங்காயமும் மொட்டுக் காளானும் 200 கிராம் வீதம் வெண்ணெயில் தனியே வதக்கி, இறக்குவதற்கு அரை மணி முன் சேருங்கள். தளர்வாக இருந்தால் ஒரு கரண்டி வெண்ணெயில் ஒரு கரண்டி மைதாவைப் பிசைந்து கரையுங்கள். ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, சோறு மூன்றும் பொருந்தும்.

எவ்வளவு நேரம் கொதித்தாலும் மது கொஞ்சம் மிஞ்சவே செய்யும். மது ஆகாதவர், குழந்தைகள், கர்ப்பிணிகள் இருந்தால், லியோன் நகரத்தார் செய்யும் வினிகர் கோழியைச் செய்யுங்கள். அதுவும் பிரெஞ்சுச் சமையலே.

முதல் நாள் செய்து மறுநாள் சூடாக்கினால் சுவை இன்னும் கூடும். மகள் வருவதற்கு முந்தின நாளே அடுப்பேற்றுங்கள்.