வார்ப்பிரும்பு வெல்டிங்: மறுபடி விரிசல் விடாமலிருக்க

பம்ப் கேசிங், மோட்டார் கால் போன்ற வார்ப்பிரும்புச் சாமான்களை வெல்டு வைத்தால், ஆறும்போது ‘டக்’கென்று சத்தம் கேட்கும், வெல்டை ஒட்டியே புது விரிசல் ஓடியிருக்கும். அதைத் தவிர்க்க:

1. விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், விரிசல் மேலும் நீளாது. பிறகு ‘வி’ வடிவில் கிரைண்ட் செய்யுங்கள்.

2. எண்ணெய் ஊறியிருந்தால், புகை நிற்கும்வரை டார்ச்சால் எரித்துத் துடையுங்கள். மிச்சமிருந்தால் வெல்டில் பொடித் துளைகள் விழும். உள்ளே மூடிய அறை இருந்தால் பிளக்கைக் கழற்றாமல் சூடாக்கவே கூடாது. அழுத்தம் ஏறி வெடிக்கும்.

3. முழுச் சாமானையும் மெதுவாக 250 முதல் 300 டிகிரி செல்சியஸ்வரை சூடேற்றுங்கள். விரிசலை மட்டும் சுட்டால் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் பிளக்கும். இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். நிறத்தையும் நம்பாதீர்கள், இந்தச் சூட்டில் இரும்பு சிவக்காது. வெப்பம் பார்க்கும் சாக்பீஸால் கோடு போட்டு, அது உருகுகிறதா என்று பாருங்கள். வேலை நடுவே சூடு இறங்கினால் திரும்ப ஏற்றுங்கள்.

4. நிக்கல் ராடு போடுங்கள். விலை அதிகம்தான், ஆனால் சாதாரண ராடு வைத்த இடம் இறுகி எளிதில் உடையும். எம்.எஸ். தகட்டோடு சேர்க்க நிக்கல்-இரும்பு ராடு.

5. ஓர் அங்குலம் போட்டதும் நிறுத்தி, சூடு ஆறுமுன் உருண்டைத் தலைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். சுருங்கும் இழுப்பு தளரும்.

6. முடிந்ததும் காய்ந்த மணலில் புதைத்து மறுநாள் எடுங்கள். தண்ணீர், ஃபேன் இரண்டும் வேண்டாம். வேகமாக ஆறினால் வெல்டின் ஓரம் பிளக்கும்.