பூத்தும் காய்க்காத ஆலிவ்

வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியா நாட்டின் கபிலியா மலைப் பகுதியில் ஆலிவ் மரமே பல சிறு விவசாயிகளின் ஜீவனம். விவிலியத்தில் ஒலிவ மரம் எனப்படுவது இதுதான். அங்கு அதிகம் காணப்படுவது 'ஷெம்லால்' என்னும் எண்ணெய் ரகம். மரம் நன்கு வளரும், நன்கு பூக்கும். ஆனால் இதன் மகரந்தம் மலடு. இந்த ரகத்தை மட்டும் நட்டால் பூவுக்குத் தக்க காய் பிடிக்காது. எனவே, 'அஸெராஜ்' என்ற வேறு ரகத்தையும் தோப்பில் கலந்து வளர்க்கிறார்கள். கோ.2 பப்பாளியில் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் விடுகிறோமே, ஏறக்குறைய அதுபோல.

ஆலிவ் பூ மிகச் சிறியது, கொத்தாகப் பூக்கும். ஒவ்வொரு பூவிலும் இரண்டு மகரந்தப்பைகள் உண்டு. மகரந்தத்தைச் சுமப்பது பெரும்பாலும் காற்றுதான். எல்லாப் பூவும் காய்க்கக் கூடியவையும் அல்ல. சில பூக்களில் சூலகம் வளராமல் கருகிவிடும். அவை வெறும் ஆண் பூக்கள். பூ மொட்டு உருவாகும் சமயத்தில் தண்ணீரோ தழைச்சத்தோ குறைந்தால் இத்தகைய பூக்கள் பெருகும். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. நூறு பூவுக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல மகசூல்தான்.

துணை ரகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மரத்தைத் தட்டினால் மஞ்சள் தூள் பறக்கிறது என்பது மட்டும் போதாது. தூள் ஏராளமாக இருந்தும் முளைப்புத் திறன் குறைந்த ரகங்கள் உண்டு. இதை அறிய, சர்க்கரைக் கரைசலில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்த்து மகரந்தத்தைத் தூவி, சில மணி நேரம் கழித்து நுண்நோக்கியில் பார்ப்பார்கள். உயிருள்ள மகரந்தம் மெல்லிய குழல் விட்டிருக்கும்.

முளைப்புத் திறன் இருந்தாலும் வேறொரு தடை உண்டு. கலிபோர்னியாவில் பயிராகும் 'மன்சனில்லோ' ரகத்தின் மகரந்தம் மலடு அல்ல. எனினும், பூக்கும்போது வெயில் கடுமையானால் தன் பூவிலேயே அதன் குழல் வளர்ச்சி மந்தமாகிவிடுகிறது. அருகில் 'செவில்லானோ' மரம் இருந்தால் காய்ப்பு கூடுகிறது. ஆனால், துணை ரகம் முக்கிய ரகத்துடன் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். பத்து நாள் பிந்திப் பூத்தால் அந்த மரம் நிழலுக்குத்தான் உதவும். காற்று வரும் பக்கத்தில் அதை நடுவது நல்லது.

ஆலிவ் பூப்பதற்குக் குளிர்காலக் குளிர்ச்சி அவசியம். நமது சமவெளியில் மரம் வளரலாம்; பூப்பது அரிது. ஆலிவ் கன்று வாங்க எண்ணுவோர் பணம் கொடுக்கும் முன் இதைக் கவனிக்க வேண்டும்.