கடைப் பூனையின் முதுமையும் அதன் இராக் கூப்பாடும்



நம்மவர் மளிகைக் கடைகளில் பூனை வளர்ப்பது புதிய வழக்கமன்று. அரிசி மூட்டையும் மல்லி மூட்டையும் இருக்கும் இடத்தில் எலி வரும். எலி வரும் இடத்தில் பூனை இருந்தாக வேண்டும். சம்பளம் கேளாத, ஊருக்குப் போக லீவும் கேளாத சிப்பந்தி என்று அதனை நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தச் சிப்பந்திக்கு வயதாகிவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? முன்பெல்லாம் யோசிக்க அவசியமும் இருந்ததில்லை. பெரும்பாலும் வண்டியில் அடிபட்டோ, நோய் கண்டோ இடையிலேயே போய்விடும். இப்பொழுது தடுப்பூசியும் நல்ல தீனியும் கிடைப்பதால் 15, 16 வயதுவரை வாழும் பூனைகளை எங்கும் காண்கிறோம். 16 வயதுப் பூனை மனிதக் கணக்கில் ஏறத்தாழ 80 வயதுக் கிழவருக்குச் சமம் என்று மிருக வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். எண்பது வயதுப் பெரியவர் இரவில் தூங்காமல் எழுந்து நடந்தால் நாம் அவரை வைத்தியரிடம் அழைத்துப் போவோம். பூனை அப்படிச் செய்தால் மாத்திரம் செருப்பை எடுத்து எறிகிறோம்.

இதை எழுதுகிறவனும் செருப்பு எறிந்தவன்தான். பினாங்கில் உள்ள எங்கள் கடையில் ‘மிளகு’ என்று பிள்ளைகள் பெயரிட்ட ஒரு கறுப்புப் பூனை உண்டு. வால் நுனி முடங்கி முடிச்சுப் போட்டாற்போல இருக்கும். மலாய் நாட்டுப் பூனைகளில் அநேகத்துக்கு அப்படித்தான். கிட்டங்கியில் பருப்பு மூட்டைகளின் சந்திலே பிறந்து, அங்கேயே வளர்ந்தது. அதற்குப் பதினான்கு வயது முடிந்த வருஷம் சங்கடம் ஆரம்பமாயிற்று. இரவு இரண்டு மணிக்கு எழும்; கடைக்கும் மாடிக்கும் ஓயாமல் நடக்கும்; நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, யாரையோ இழந்துவிட்டதைப் போல நீளமாக ஓலமிடும். அதட்டினால் சற்று நிற்கும், மறுபடி தொடங்கும். பகலிலோ தீனி, தீனி என்று காலைச் சுற்றிக் கொண்டே இருக்கும். இரண்டு பங்கு தின்றும் முதுகெலும்பு துருத்திக் கொண்டு வந்தது. குடலில் பூச்சியாக இருக்கும் என்று நினைத்துக் கொண்டேன்.

பக்கத்துச் சீனத் தையற்காரர் இரண்டு தடவை மரியாதையாகச் சொன்னார். மூன்றாம் தடவை அவ்வளவு மரியாதையாகச் சொல்லவில்லை. கடைப் பையன் அது ஷைத்தானைக் கண்டு கத்துகிறது என்றான். வியாபார நண்பர் ஒருவர், “மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் பாய். அங்கே தீனிக்குப் பஞ்சமில்லை” என்று யோசனை சொன்னார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரு நாள் சுபுஹுக்குப் பிறகு மிளகைக் கூடையில் வைத்து மூடியும்விட்டேன். என் உம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். “ஏன் வாப்பா, நானும்தான் ராத்திரியில தூங்காம நடக்குறேன். என்னையும் மார்க்கெட்டுல விட்டுருவியா?” என்று கேட்டார்கள். கூடை மார்க்கெட்டுக்குப் போகவில்லை. மிருக வைத்தியரிடம் போயிற்று.

அந்த வைத்தியர் முதலில் செய்த காரியம் கழுத்தைத் தடவிப் பார்த்ததுதான். மிடற்றின் பக்கத்தில் சிறு பட்டாணி போல ஒன்று விரலில் தட்டுப்பட்டது. இருதயம் நிமிடத்துக்கு 240 தடவை அடித்தது. இரத்தம் எடுத்துச் சோதித்ததில் தைராய்டுச் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது என்று தெரிந்தது. பூனைகளில் இந்நோய் முதன் முதலாக 1979ஆம் வருஷம் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. இன்று பத்து வயதைத் தாண்டிய பூனைகளிடம் சாதாரணமாகக் காணும் நோய்களில் ஒன்றாகிவிட்டது. இதன் தன்மையை நம் பாஷையில் சொல்வதானால், அடுப்பைக் குறைக்கத் தெரியாத சமையற்காரன் மாதிரி. உடம்பில் உள்ளதையெல்லாம் எரித்துக் கொண்டே இருக்கும். அதனால்தான் தின்னத் தின்ன மெலிகிறது. உடம்பு ஓய்வை விரும்பினாலும் ஓய முடிவதில்லை.

அதோடு நிற்கவில்லை. முன்னங்காலில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்த்தார்கள். வந்த படபடப்பு அடங்கட்டும் என்று பத்து நிமிடம் அமைதியான அறையில் வைத்திருந்து பிறகே பார்த்தார்கள். 190 காட்டியது, 160க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். கவனியாது விட்டால் கண்ணின் உள்திரை பிரிந்து ஒரே இரவில் பார்வை போய்விடக் கூடும் என்றார் வைத்தியர். நாங்கள் பிடிவாதம் என்று எண்ணியது பீதி என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புலப்பட்டது.

தைராய்டுக்குக் காலையும் மாலையும் மாத்திரை. அழுத்தத்துக்கு வேறு மாத்திரை. அறுவை வைத்தியமும், கதிரியக்க அயோடின் ஊசியும் உண்டு. எங்களுக்கு மாத்திரையே தோதாகப்பட்டது. இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். தைராய்டு மிஞ்சும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் அதிகமாகப் பாய்வதால், அதன் பலவீனம் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். மருந்து தொடங்கிய பிறகு அது தலைகாட்டலாம். ஆகையால் சில வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். “ஒரு தடவை காட்டியாயிற்றே” என்று அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பது சரியன்று. மாத்திரையைத் தொட்ட கையைக் கழுவிக் கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் அதைக் கையாளாதிருப்பது நல்லது.

எல்லாப் பூனைக்கும் காரணம் இதுவேயல்ல. மூட்டுத் தேய்மானம் நாம் எண்ணுவதைவிட அதிகம்: 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்த ஓர் ஆராய்ச்சியில் 90 பூனைகளுக்கு அந்த அடையாளம் இருந்தது. பூனை நொண்டிக் காட்டாது. கல்லா மேசைமேல் தாவுவதை நிறுத்திவிடும். படுத்த இடத்தில் நிலைகொள்ளாமல் இடம் மாற்றிக் கொண்டே இருக்கும். வழக்கமான மண்தட்டை விட்டு வெளியே அசுத்தம் செய்யும். நிறையத் தண்ணீர் குடித்து நிறைய மூத்திரம் போனால் சிறுநீரகத்தையும் நீரிழிவையும் சந்தேகிக்க வேண்டும். காது மந்தமானது தன் குரலின் அளவு தெரியாமல் உரக்கக் கத்தும். இவை ஒன்றுமில்லை என்று வைத்தியர் தீர்த்த பிறகே மூளைத் தளர்ச்சி என்று சொல்லலாம். அவ்விதப் பூனை தெரிந்த அறையிலேயே வழி தவறி மூலையில் நிற்கும், பகலை இரவாக்கிவிடும், தின்றதை மறந்து மீண்டும் தீனி கேட்கும்.

நோய் அடங்கியும் மிளகின் அலைச்சல் முழுதும் நிற்கவில்லை. காரணத்தை நான்தான் ஏற்படுத்தியிருந்தேன். அவ்வருஷம் கடையைப் புதுப்பித்தோம். மரத்தட்டுகள் போய் இரும்புத்தட்டு வந்தது. கோணிச் சாக்குகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கினோம். சுவரெல்லாம் புதுச் சாயம். பூனை தன் கன்னத்தை மூலை முடுக்கெல்லாம் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நம் மேல் காட்டும் கொஞ்சல் மாத்திரமன்று. “இது என் இடம், பயமில்லை” என்று வாசனையால் எழுதி வைக்கும் கணக்குப் புஸ்தகம். பதினான்கு வருஷப் பேரேட்டை நான் ஒரே வாரத்தில் சாயம் பூசி அழித்துவிட்டேன். இளம் பூனையானால் புதுப் பேரேடு எழுதிக் கொள்ளும். கண் மங்கிய கிழம், ஞாபகத்தைக் கொண்டு நடப்பது, என்ன செய்யும்?

ஆகவே கிட்டங்கியில் மிஞ்சிக் கிடந்த பழைய கோணி இரண்டைத் துவைக்காமலே கொண்டுவந்து, கல்லாவுக்குப் பின்னால், காற்று அடிக்காத மூலையில் அட்டைப் பெட்டிக்குள் விரித்தேன். அதன் இடத்தை இன்றுவரை மாற்றவில்லை. தீனித்தட்டு, தண்ணீர், மண்தட்டு எல்லாம் மாடி ஏறாமல் ஒரே தளத்தில். ஆனால் தீனியும் மண்தட்டும் பக்கம் பக்கமாக இருக்கலாகாது. மண்தட்டின் ஒரு பக்கத்தை மூன்று விரற்கடை உயரத்துக்கு வெட்டிவிட்டோம், நோகும் காலைத் தூக்காமல் நுழைவதற்கு. மாடிப்படியடியில் சிறு விளக்கு ஒன்று விடிய விடிய எரிகிறது. பழைய அரிசிப் பெட்டி ஒன்று மேசைக்குப் படியாயிற்று.

இராத்திரிக்கு ஒரு முறை உண்டு. கடையடைத்து, இஷாவுக்குப் பிறகு, ஒரு கயிற்று நுனியைத் தரையில் மெதுவாக இழுத்துக் காட்டுகிறோம். கிழம் எழுந்து ஓடாது. படுத்தபடியே இரண்டு தட்டுத் தட்டும். ஐந்து நிமிடம் போதும். உடனே அன்றைய கடைசித் தீனி. வேட்டை, பிறகு தீனி, பிறகு தூக்கம் என்பதே பூனையின் இயற்கை வரிசை. தீனியையும் ஒரேயடியாகப் போடாமல் நான்கைந்து வேளையாகப் பிரித்துவிட்டோம். நடுஇரவில் கத்தினால் அதட்டுவதில்லை, தீனி கொடுத்துப் பழக்குவதுமில்லை. என் மகள் மெல்லப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், அது குரல் வந்த பக்கம் நடந்து வந்து படுத்துக்கொள்ளும்.

நம் கடைகளிலேயே விற்கும் சில சரக்குகளைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வலியென்று நினைத்துப் பனடால் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கு எளிய மருந்தான பாராசிட்டமால், ஒரே ஒரு மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடக் கூடும். எங்கள் கடைப் பையன் பாதி மாத்திரையைப் பாலில் கரைத்துக் கையில் வைத்திருந்தபோதுதான் நான் பார்த்தேன். தலைவலித் தைலம், யூகலிப்டஸ் தைலம் ஆகியவற்றைப் பூசுவதும் ஆகாது; பூனை உடம்பை நக்கும், அதன் ஈரலால் அவற்றை முறிக்க முடியாது. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த மீன் ஆணத்தைச் சோற்றில் பிசைந்து வைக்கும் நம் பழக்கமும் தப்பு. அவை பூனையின் இரத்த அணுக்களை உடைக்கும். வெறும் நீரில் அவித்த மீன் போதும். பூனையைச் சாந்தப்படுத்தும் என்று ஒரு கடையில் என்னிடம் விற்ற வாசனை எண்ணெய்ப் புட்டியைத் திறக்காமலே எறிந்தேன். பூனையின் கன்ன வாசனையைப் போலச் செய்து மின்சாரத்தில் செருகும் சாதனம் வேறு; அதனால் சிலவற்றுக்குப் பலன் உண்டு, சிலவற்றுக்கு இல்லை.

சிங்கப்பூர் அன்பர்களுக்கு ஒரு செய்தி. வீவக வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது; 2024 செப்டம்பர் 1 முதல் உரிமத்தோடு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றாகிவிட்டது. கடையை மூடிவிட்டு அடுக்குமாடிக்குக் குடிபோகிறவர்கள் கிழப் பூனையை அஞ்சடியில் விட்டுப் போக இனி முகாந்தரமில்லை. குடிபோகும்போது அதன் படுக்கையைத் துவைக்காமல் கொண்டு போங்கள். முதல் சில நாள் ஒரே அறையில் வைத்துப் பழக்கிய பிறகு மற்ற அறைகளைத் திறந்துவிடுங்கள்.

மிளகுக்கு இப்பொழுது பதினாறு நடக்கிறது. முன்போல நாலு கிலோ ஏறவில்லை, மூன்றரையில் நிற்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை சரக்குத் தராசிலேயே நிறுத்து, கடன் புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். எலி பிடிப்பதை விட்டாயிற்று. கிட்டங்கிக்கு வேறு குட்டி வந்திருக்கிறது. இரவில் இன்னும் சில நாள் ஓலம் கேட்கத்தான் செய்கிறது. அப்பொழுது உம்மாவும் விழித்துக்கொண்டு, “வா, இங்கதான் இருக்கேன்” என்று இருட்டில் பதில் சொல்லுகிறார்கள்.